எல்லா நாட்டிலும் அடிக்கும் போன்

எங்கள் வீட்டு அலுமாரியில், என் கூறைச் சேலைக்குக் கீழே, ஆறு கைத்தொலைபேசிகள் கிடக்கின்றன. ஐந்து ஒன்றுக்கும் உதவாதவை. ஆறாவது உலகத்தின் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் வேலை செய்யும். அந்த ஐந்தையும் உள்ளே வைத்துப் பூட்டியவர் என் கணவர். ஆறாவதை வைத்தது நான்.

விலை கூடிய சாமான் வீட்டுக்கு வந்தால் அதைப் பாவிக்காமல் பூச்சி உருண்டை போட்டுப் பூட்டி வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். ஒரு தேவைக்கு இருக்கட்டும் என்பார்கள். தேவை வருகிற அன்றைக்கு வெளியே எடுத்தால் பற்றரி வீங்கிக் கிடக்கும். இரண்டு போன்களின் முகத்தில் கடைக்காரன் ஒட்டிய மெல்லிய தாளைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை. நான் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள். மடத்தனத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அந்த அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று போன்கள் கனடாவில் இருக்கும் மகள் அனுப்பியவை. மருமகன் புதிது வாங்கும்போதெல்லாம் பழையது எங்கள் பக்கம் பயணப்படும். இங்கே வந்து சேரும்போது அதற்கு அம்மாவுக்கான பரிசு என்று பெயர். சிம்மைப் போட்டுப் பார்த்தால் வேலை செய்யாது. அந்த நாட்டுக் கம்பனி தன்னுடைய சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டி விற்ற போன் அது. மகளிடம் சொன்னேன். “அங்கை கடையிலை குடுத்தால் திறந்து தருவாங்கள் அம்மா” என்றாள். பூட்டை அவள் அனுப்புவாள், திறப்பை நான் தேட வேண்டும். மற்ற இரண்டும் நோர்வேயில் இருக்கும் மகன் கொண்டுவந்தவை. அவை புதியவை, பூட்டும் இல்லை. அவற்றை என் கணவர் தொடவே இல்லை. “எனக்கு உந்தப் பட்டன் போன் காணும்” என்றார்.

அவருடைய பட்டன் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மண்ணும் தண்ணீரும் படும் என்று அதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, ரப்பர் வளையத்தால் இரண்டு சுற்றுச் சுற்றி, சட்டைப் பையில் வைத்திருப்பார். யாராவது போன் எடுத்து அழைத்தால் ரப்பரைக் கழற்றி, பையைப் பிரித்து, போனை வெளியே எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். பிறகு அதை அதே ஒழுங்கில் சுற்றி வைப்பார். யார் எடுத்தது என்று பார்க்க மாட்டார். வேண்டுமென்றால் திரும்ப எடுப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. நாற்பது வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவர்தான் போன் எடுக்க வேண்டும். ஊரில் இருக்கிறவர் எடுப்பதில்லை. ஒருகாலத்தில் அதற்கு நியாயம் இருந்தது, இங்கிருந்து எடுத்தால் எவருக்கும் கட்டுப்படியாகாது. தொலைத்தொடர்பு நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்து, பிள்ளைகள் சொன்ன நேரத்துக்கு வரும் அழைப்பைக் கதைத்துவிட்டு வருவோம். இப்போது நியாயம் போய்விட்டது, சட்டம் மட்டும் நிற்கிறது. எங்கள் வீட்டில் அதை நிலைக்க வைத்தவள் நான்தான்.

அது நடந்தது சில வருடங்களுக்கு முன். ஒரு காலை நேரம் என் கணவர் தோட்டத்தில் நின்றபடி மகனுக்குப் போன் எடுத்திருக்கிறார். கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நன்றாக ஊறியிருக்கிறது என்ற செய்தியைச் சொல்லத்தான். மகன், “அப்பா, வேலையிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டான். அன்றைக்கு அவன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. இவர் இரண்டு நாளும் போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“இனிமேல் உவைக்கு நீங்கள் எடுக்கக் கூடாது” என்றேன். “வெளியிலை இருக்கிறவைக்கு எங்களிலை எண்ணம் இருந்தால் அவை எடுப்பினம். நாங்கள் என்ன, பிச்சையே கேக்கிறம்?”

“ஓம்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் வெளிநாட்டுக்கு எடுத்ததில்லை. நான் அதைப் பெருமையாகவே ஊரில் சொல்லித் திரிந்தேன். வெளிநாட்டுக்காரரைப் பற்றிய என் பிரசங்கம் ஊரில் பெயர் பெற்றது. சட்டைப் பையில் போன், ரயிலில் போன், கக்கூசுக்குள்ளும் போன், பெற்ற தாய் தகப்பனுக்கு எடுக்க மட்டும் இரண்டு நிமிடம் இல்லை. இதை நான் சொல்லிக் கேட்காத ஆள் எங்கள் பண்டத்தரிப்பில் இல்லை. கோயில் திருவிழாவுக்கு வந்திறங்கி, இரண்டு கையிலும் இரண்டு போனோடு சாமிக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கிற கூட்டத்தைக் கண்டால், அவர்கள் காதில் விழும்படியாகவே சொல்வேன்.

என் மகன் ஞாயிற்றுக்கிழமைக்காரன். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு எடுப்பான். முக்கால் மணித்தியாலம் நான் கதைப்பேன். இவர் எனக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் போனைக் கொடுத்தால், “ஓம் தம்பி. சுகமாயிருக்கிறம். ஓம். ஓம்” என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிடுவார். இதற்காகவா முக்கால் மணித்தியாலம் நின்றீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

மகனுக்குக் குழந்தை பிறந்தது. மகள் புது வீடு வாங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து எங்களைக் கூப்பிட்டார்கள். முதலில் நோர்வே, அங்கிருந்து கனடா, எல்லாமாக இரண்டு மாதம். இவர் வர மறுத்துவிட்டார். வெங்காயம் நட்டிருந்தது. நட்டிருக்காவிட்டாலும் வந்திருக்க மாட்டார். என்னுடைய பயணச்சீட்டு எடுத்த பிறகுதான் அவருடைய இடது கால் இரண்டாம் விரலில் மண்வெட்டி பட்டது. சின்னக் காயம். ஆனால் அவர் சீனி வருத்தக்காரர், புண் இலேசில் ஆறாது. ஒவ்வொரு பின்னேரமும் நான்தான் கழுவி, மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். விரல் கறுத்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் பொல்லாப்பு என்று டொக்டர் சொன்னார்.

நான் போகவில்லை என்றேன். “வெங்காயத்தையும் காலையும் நான் பாப்பன். நீர் போயிட்டு வாரும்” என்றார் இவர். காலை இவர் பார்க்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆரும் பிடித்துத் தள்ளாமல் இந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பிடித்துத் தள்ளுவது என் வேலை. அதை அங்கிருந்து செய்ய வேண்டுமென்றால் எனக்கு ஒரு போன் வேண்டும்.

பிள்ளைகளைக் கேட்டேன். “இஞ்சை வந்து இஞ்சத்தைச் சிம் ஒண்டு போடலாம் அம்மா, வீட்டிலை வைபை இருக்கு” என்று இரண்டு பேரும் ஒரே பல்லவி. அவர்களுக்கு விளங்கவில்லை. இவருடைய பட்டன் போனில் வைபையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டாம் இலக்கப் பொத்தானை அமத்திப் பிடித்தால் என்னுடைய போன் அடிக்கும், மகனுக்கு எடுப்பதை விட்ட பிறகு அவருக்குப் பழக்கமெல்லாம் அது ஒன்றுதான். அந்த இலக்கத்தைத் தாங்கிய என்னுடைய இலங்கைச் சிம், நோர்வேயிலும் கனடாவிலும் இடையில் இறங்குகிற இடத்திலும் உயிரோடு இருக்க வேண்டும். அப்படி ஒரு போனைத் தேடி நான் புறப்பட்டேன்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. அங்கே நின்றவர் என்னிடம் படித்தவராம். நான் நினைவு வைத்திருக்கும் அளவுக்கு அவர் படித்திருக்கவில்லை.

“இது எல்லா நாட்டிலையும் வேலை செய்யும் ரீச்சர்.”

“எப்பிடித் தெரியும்?”

“இது இன்ரநஷனல் மொடல்.”

“என்னென்ன பாண்ட் பிடிக்கும்?”

“எல்லாம் நல்ல பாண்ட்தான் ரீச்சர்.”

ஒவ்வொரு நாட்டுக் கோபுரமும் வெவ்வேறு அலைவரிசையில் பேசும், அதைத்தான் பாண்ட் என்பது. போனுக்கு அந்த அலைவரிசை தெரியாவிட்டால் கோபுரத்துக்குக் கீழேயே நின்றாலும் அது ஊமை. இது பெட்டியின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் எழுதியிருக்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். கடைக்காரருக்கு அப்படி ஒன்று அங்கே எழுதியிருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றவர், “ரீச்சருக்கு நீலக் கலர் வடிவாயிருக்கும்” என்றார். பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்ததாகப் பருத்தித்துறைக்குப் போனேன். என்னோடு படிப்பித்த ரீச்சர் ஒருத்தியின் தமையன் அங்கே இருக்கிறார். ஆயுள் முழுக்கக் கப்பலில் வேலை செய்தவர், ஊரில் கப்பல் அண்ணை என்றால்தான் தெரியும். நாடு நாடாகப் போன மனிதருக்கு இது தெரிந்திருக்கும் என்று இரண்டு பஸ் மாறிப் போனேன். அவர் பழைய பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். எல்லாம் சிம் அட்டைகள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அது எந்தத் துறைமுகம், அங்கே என்ன சாப்பாடு, சுங்கக்காரன் என்ன சொன்னான் என்று ஒரு மணித்தியாலம். நான் அலைவரிசை கேட்க வந்தால் அவர் பொரித்த மீனின் ருசி சொல்கிறார்.

கடைசியில், “உன்ரை அவர் என்ன போன் வைச்சிருக்கிறார் பிள்ளை?” என்று கேட்டார்.

“பட்டன்.”

“அப்ப வீட்டுச் சிம்மை எந்த நாட்டிலையும் கழட்டாதை. இரண்டு சிம் போடுற போனாப் பார். ஒண்டிலை ஊர்ச் சிம், மற்றதிலை அந்தந்த நாட்டுச் சிம்.”

அது ஒன்றுதான் உருப்படியான பேச்சு. நான் எழும்பினேன். அவர் விடவில்லை. “கப்பல் கரைக்கு வந்து கயிறு கட்டின உடனை நான் முதல் செய்யிறது வீட்டுக்கு எடுக்கிறதுதான். பிறகுதான் தேத்தண்ணி. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். ஒருநாள் பிந்தினாலும் இவ சாப்பிடமாட்டா” என்றார். உள்ளே நின்ற அவருடைய மனைவி சிரித்தது கேட்டது. இதெல்லாம் எனக்கு வேண்டாத கதை. போன் பிடிக்கும் அலைவரிசை தெரியாத மனிதர் தன் குடும்பக் கதை சொல்லிப் பஸ்ஸைத் தவறவிடச் செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருவரையும் நம்பவில்லை. சதுரக் கொப்பி ஒன்றை எடுத்து நானே கணக்குப் போட்டேன். நோர்வேயில் மூன்றாம் தலைமுறை வலையமைப்பை மூடிவிட்டார்கள். கனடாவிலோ இரண்டாம் தலைமுறைக்குப் பாடை கட்டியாயிற்று. அப்படியென்றால் இரண்டு நாட்டிலும் கதைக்க வேண்டுமானால் நான்காம் தலைமுறையிலேயே குரல் போக வேண்டும், அதிலும் இரண்டு நாட்டுக்கும் வேறு வேறு பாண்ட். இலங்கையையும் சேர்த்து மூன்று நாட்டுக்கும் மூன்று வட்டம் கீறி, எண்களை நிரப்பி, மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகிற நடுத் துண்டில் எந்தப் போன் விழுகிறது என்று பார்த்தேன். இரண்டு விழுந்தன. ஒன்றுக்கு ஒரு சிம்தான். மிச்சம் ஒன்று. என் ஆயுளில் நான் போட்ட கணக்குகளில் இவ்வளவு சுத்தமாக வந்தது குறைவு.

அதே கடைக்குப் போய் அந்தப் போனைக் கேட்டு வாங்கினேன். “இது அங்கை வேலை செய்யுமோ தெரியேல்லை ரீச்சர், மற்றதுதான் ஓடுற சாமான்” என்றார் கடைக்காரர். அவரைப் பார்த்த பார்வையிலேயே பதில் சொன்னேன். சிம் கம்பனியில் ரோமிங் போடச் சொல்லிக் கேட்டபோது அங்கே இருந்த பிள்ளை, “அன்ரி, வாட்சப் இருக்குத்தானே” என்றது. எல்லாருக்கும் ஒரே மருந்து வைத்திருக்கிற பரியாரிகள். ரோமிங்கைப் போடுவித்துக்கொண்டுதான் வந்தேன்.

வெளிக்கிடுகிற அன்றைக்கு இவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். பொலித்தீன் பையை வேலைக்கு மட்டும் போட வேண்டும், வீட்டில் போட்டால் நான் திரும்பிவந்து எரிப்பேன். இரண்டை அமத்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். என் கையில் இருந்த புதுப் போன் அடித்தது.

“விரல் கொஞ்சம் கறுத்தாலும் உடனை எடுங்கோ.”

“ஓம்.”

“பகல் இரவு பாக்கவேண்டாம். நான் எந்த நாட்டிலை நிண்டாலும் அடிக்கும்.”

“ஓம், ஓம்.”

நான் ஏறிய வான் தெருவில் திரும்பும்வரை படலையடியில் நின்றார். காலில் நான் கட்டிவிட்ட வெள்ளைத் துணி மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

நோர்வேயில் இறங்கிப் போனைத் திறந்தேன். இரண்டு செக்கனில் அந்த நாட்டு வலையமைப்பின் பெயர் விழுந்தது. எனக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒருத்தர் தன்னுடைய பெரிய போனைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த இடத்திலேயே வீட்டுக்கு எடுத்தேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்றேன், ஓம் என்றார். கால் எப்படி என்றேன், இருக்கு என்றார். ஏதுமென்றால் எடுங்கோ என்று திரும்பவும் சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் யாழ்ப்பாணக் கடைக்காரருக்கு எடுத்தேன். நான் நிற்கிற நாட்டையும், பிடித்திருக்கிற பாண்டையும், என் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதையும் அவருக்கு விளங்கப்படுத்தினேன். “சந்தோசம் ரீச்சர்” என்றார். பிறகு கப்பல் அண்ணைக்கு எடுத்தேன். துறைமுகத்துக்கு ஒரு சிம் வாங்கத் தேவையில்லை, கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் போதும் என்றேன். “அம்மா, உது ரோமிங்” என்று மகன் தலையில் கை வைத்தான். விஞ்ஞானத்துக்காகச் செய்கிறேன் என்றேன்.

வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. முதல் நான்கு நாள் அது நல்ல செய்தி. ஏதுமென்றால் எடுப்பார், எடுக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குளிப்பாட்டினேன். சிக்னல் கோடுகள் எல்லாம் முழுதாக நின்றன. ஒரு கிழமையானது. அப்போதுதான் எனக்குச் சினம் ஏறத் தொடங்கியது. இந்த மனிதருக்காக ஒரு மாதம் அலைந்து, கொப்பி நிரப்பி, உலகத்தில் உள்ள கோபுரமெல்லாம் பிடிக்கிற போன் வாங்கி வந்திருக்கிறேன். ஒரு பொத்தானை அமத்த இவருக்குக் கை வரவில்லை.

“நீங்கள் எடுத்துக் கதையுங்கோவன் மாமி” என்றாள் மருமகள்.

“நான் எடுக்கமாட்டன்” என்றேன். “நான் செய்து காட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை கணக்குப் பழகாது. அவர் எடுக்கட்டும்.”

வகுப்பில் இப்படித்தான் செய்வேன். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். யாராவது எழும்பி வரும்வரை வாய் திறக்க மாட்டேன். எத்தனை மக்குகள் அப்படி எழும்பி வந்திருக்கின்றன. இவரும் வருவார் என்று நின்றேன். பத்து நாள், பன்னிரண்டு நாள். மகனிடம் தகப்பனைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினேன். வெங்காயத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு பொருட்டில்லை, பொலித்தீன் பையைத் திறக்கச் சோம்பல், நான் இல்லாத வீட்டில் நிம்மதியாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். மகனும் சிரித்தான். இடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. இரண்டிலும் நாங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனோம்.

பதினேழாம் நாள் கனடாவுக்குப் பறந்தேன். இறங்கியதும் போனைத் திறந்தேன். அங்கேயும் இரண்டு செக்கன்தான். மகளைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்பே போனைத்தான் அவளுக்குக் காட்டினேன். மருமகனுக்கும் காட்டினேன். பூட்டுப் போட்ட போன் வாங்கி ஊருக்கு அனுப்புகிறவர் இதைப் பார்க்க வேண்டும் என்றே காட்டினேன்.

மூன்றாம் நாள் காலை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். குசினியில் தனியாக நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இலங்கை இலக்கம். என் உடம்பு முழுக்க வெற்றி ஏறியது. கடைசியில் மக்கு எழும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். எப்படித் திட்டுவது என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

அவரல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை, வங்கியில் வேலை செய்கிறவள்.

“ரீச்சர், பயப்பிடாதையுங்கோ. ஐயா ஆஸ்பத்திரியிலை நிக்கிறார். இப்ப சுகம்.”

“என்ன நடந்தது?”

“முந்தநாள் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவர், வரம்பிலை அப்பிடியே இருந்திட்டார். சரியான காய்ச்சல். காலைப் பாத்தால் விரல் முழுக்கக் கறுத்துப்போச்சு. நான்தான் ஓட்டோவிலை கொண்டுபோனனான். நேற்று விரலை வெட்டிப்போட்டினம் ரீச்சர். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர். எனக்கு மனம் கேக்கேல்லை.”

தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவருடைய இலக்கத்துக்கு எடுத்தேன். நெடுநேரம் அடித்தது. ரப்பர் வளையம் கழற்றும் சத்தமும் பை சரசரக்கும் சத்தமும் முதலில் கேட்டன.

“சுகமாயிருக்கிறன்” என்றார். நான் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னார்.

“எப்ப கறுத்தது?”

“நீர் போய் ஒரு கிழமையாலை.”

“ஏன் எனக்கு எடுக்கேல்லை?”

வார்ட்டில் யாரோ இருமுவது கேட்டது.

“எடுங்கோ, எடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டு வந்தனான்.”

“போறவை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போறவை” என்றார். “பிள்ளையளும் சொன்னவை.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இருக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

“நீர்தானே சொன்னனீர். வெளியிலை இருக்கிறவைக்கு எங்களிலை எண்ணம் இருந்தால் அவை எடுப்பினம் எண்டு. நீர் எடுப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

நான் வெளிநாட்டில் நிற்கிறேன் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. இருபது நாளாக அது எனக்குத் தெரியவில்லை. ஆயுள் முழுக்க நான் இருந்த பக்கம் ஊர்ப் பக்கம். போன் எனக்கு வரும், நான் காத்திருப்பேன், வராவிட்டால் திட்டுவேன். இடம் மாறியதை மறந்து இங்கேயும் அதையே செய்துகொண்டிருந்தேன். அவர் மறக்கவில்லை. நான் போட்ட சட்டத்தை அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் காத்திருக்கிறார். விரல் கறுத்த பிறகும் காத்திருக்கிறார்.

“ஞாயிற்றுக்கிழமையாவது தம்பியிட்டைச் சொல்லியிருக்கலாமே” என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

“அந்த நேரத்துக்கு வாசலிலை வந்து இருந்தனான். அங்கைதானே வடிவாக் கேக்கும். இரண்டு ஞாயிறும் இருந்தனான்.” கொஞ்சம் சிரித்தார். “பிறகுதான் விளங்கினது. நீர் அங்கை அவனோடை நிக்கிறீர்தானே. இனி அவன் ஆருக்கு எடுக்கிறது?”

அதற்கு மேல் என்ன கதைத்தேன் என்று தெரியவில்லை. காசு போகும், வையும் என்று அவர்தான் முடித்து வைத்தார்.

ஆத்திரம் வந்தது. வழக்கம்போல அதை இறக்கி வைக்க ஆள் தேடினேன். மகன் ஒரு ஞாயிறாவது எடுத்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கிழமை முந்திக் காலைப் பார்த்திருக்கலாம். ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்த்தேன், ஒருவரும் நிற்கவில்லை. பருத்தித்துறையில் பொரித்த மீன் கதையோடு சேர்த்து எனக்கு வேண்டிய பதிலும் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் சொல்லும்போது நான் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் ஊரில் உள்ள மடையர்களை எண்ணிக்கொண்டு திரிந்தவள், எண்ணும்போது என்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறேன்.

மகளின் குசினிக் கதிரையில் இருந்து அந்தப் போனைத் திறந்தேன். நான் எடுத்த அழைப்புகளின் பட்டியலை அது ஒழுங்காக வைத்திருந்தது. எந்த நாட்டில் நின்றாலும் கோபுரம் பிடிக்கிற, நான் கணக்குப் போட்டுத் தேர்ந்த, ஒரு நாளும் பிழை விடாத போன். மேலே சற்று முன் எடுத்தது. அதற்குக் கீழே கப்பல் அண்ணைக்கு ஒன்று, பதினொரு நிமிடம். கடைக்காரருக்கு ஒன்று, ஆறு நிமிடம். எல்லாவற்றுக்கும் அடியில், நோர்வேயில் வந்திறங்கிய நாளில், வீட்டுக்கு ஒன்று. நாற்பத்தொரு செக்கன். இரண்டு நிமிடம்கூட இல்லை.